ஏர் ஃப்ரையரைச் சோதித்து எழுதுவதில் தொடங்கலாமா? சமையல் எழுத்தைத் தொழிலாக எடுப்பவர்களுக்கான இழை

#1 தோவாளைப்பூ

எல்லாருக்கும் வணக்கம். சமையலும் வீட்டுச் சாதனங்களும் பற்றித் தமிழில் எழுதுவதைக் கூலியுள்ள வேலையாகத் தொடங்க நினைக்கிறேன். முதல் மாதிரிக் கட்டுரைக்கு எடுத்திருப்பது 4.5 லிட்டர், 1500 வாட் ஏர் ஃப்ரையர். இன்னும் பெட்டி பிரிக்கவில்லை.

எங்கே தேடினாலும் உருளைக்கிழங்கு, கோழிக்கால், சமோசாதான் வருகிறது. நாகர்கோவில் பக்கத்து அடுக்களையில் நடக்கிற வேலைக்கு இது உதவுமா என்று எழுதியவர்கள் குறைவு. அதனால் ஏத்தங்காய் (நேந்திரன் வாழைக்காய்) சிப்ஸ், சாளை (மத்தி மீன்), மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு), தீயல் என்னும் புளிக்குழம்புக்குத் தேங்காய் வறுப்பது என்று நாலு வேலை வைத்திருக்கிறேன். எந்த வரிசையில் சோதிக்க வேண்டும், எதையெல்லாம் குறித்துக்கொள்ள வேண்டும், எழுதி முடித்தபின் பணம், உரிமை விஷயங்களை எப்படிப் பேச வேண்டும்? விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

#2 மின்பணி மார்த்தாண்டம்

முதலில் பிளக்கைப் பாருங்க. 1500 வாட்டை 230 வோல்ட்டால வகுத்தா 6.5 ஆம்பியர். நம்ம வீடுகள்ல மிக்ஸி போடுற சின்ன சாக்கெட் 6 ஆம்பியர்தான். பெரிய துளை உள்ள 16 ஆம்பியர் சாக்கெட்லதான் இதைப் போடணும். பிளக் பெருசா இருக்குன்னு கன்வெர்ட்டர் மாட்டி சின்ன சாக்கெட்ல சொருகினா முதல்ல பிளக் முள் சூடாகும், பிறகு சாக்கெட் பிளாஸ்டிக் மஞ்சளாகி இளகும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் வேண்டாம். சாதாரண வீட்டு இன்வெர்ட்டர் இந்த லோடை எடுக்காது.

அடுத்தது வோல்டேஜ். சோதனை எழுதுறவங்க இதை அநேகமா விட்டுடுறாங்க. ஹீட்டர் காயில் தர்ற சூடு வோல்டேஜோட வர்க்கத்துக்கு ஏத்தபடி கூடும், குறையும். 230 இருக்க வேண்டிய இடத்துல 190 வந்தா காயில் தர்றது 68 சதவீதம்தான். 1500 வாட் மெஷின் ஏறக்குறைய 1020 வாட் மெஷினாயிடும். டிஸ்ப்ளேல அப்பவும் 180 டிகிரின்னுதான் இருக்கும், ஆனா அந்தச் சூட்டை எட்ட நேரம் எடுக்கும். ராத்திரி சமையல் நேரத்துல சோதிச்சவங்களுக்கு 16 நிமிஷம், பகல்ல செஞ்சவங்களுக்கு 12 நிமிஷம்னு வித்தியாசம் வர இது போதும். சாக்கெட்ல சொருகுற சின்ன வோல்ட் மீட்டர் ஒண்ணு வாங்கி, ஒவ்வொரு சுற்றுக்கும் வோல்டேஜைக் குறிச்சு வைங்க.

குளச்சல், முட்டம் மாதிரிக் கடலோரத்துல இருந்தா பிளக் முள்ளுல பச்சை பூக்குதான்னு மாசம் ஒருக்கா பாருங்க. உப்புக்காத்துல பித்தளை அரிச்சு, பிடிமானம் தளர்ந்து, அந்த இடத்துலயே சூடேறும்.

#3 தக்கலை அடுக்களை

மெஷினை வைக்கிற இடமும் முக்கியம். பின்பக்கம் சூடான காற்று வெளியே வரும். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். தலைக்கு மேலே பலகை இருக்கக் கூடாது. கேஸ் அடுப்புப் பக்கத்திலும் வேண்டாம்.

சமைக்கும் முன் பாஸ்கெட்டையும் டிரேயையும் சோப்பு போட்டுக் கழுவித் துடைத்து, ஒன்றும் வைக்காமல் 200 டிகிரியில் 15 நிமிடம் ஓட்டுங்கள். புது மெஷினில் பிளாஸ்டிக், எண்ணெய்ப் பூச்சு வாசம் வரும். ஜன்னலைத் திறந்து வையுங்கள். வாசம் போகவில்லை என்றால் ஆறவிட்டு இன்னொரு சுற்று. இரண்டாம் சுற்றிலும் கருகிய வாசம் கடுமையாக வந்தால் அதைச் சமையலுக்கு எடுக்கக் கூடாது, கடையில் மாற்றிக் கேட்க வேண்டும். கட்டுரையில் இதற்கு ஒரு வரி போதும், ஆனால் கட்டாயம் இருக்க வேண்டும்.

பிறகு இரண்டு சோதனை. ஓவன் தெர்மாமீட்டர் ஒன்றை பாஸ்கெட் நடுவில் வைத்து 180 டிகிரி கொடுத்து, 5, 10, 15 நிமிடங்களில் உண்மைச் சூடு என்ன என்று எழுதுங்கள். டிஸ்ப்ளே சொல்வதற்கும் இதற்கும் 10, 20 டிகிரி வித்தியாசம் இருப்பது சகஜம். இரண்டாவது ரொட்டிச் சோதனை. சாதாரண ரொட்டித் துண்டுகளால் பாஸ்கெட் தரையை நிரப்பி, மேலே சின்னக் கம்பித்தட்டு வைத்து அமுக்குங்கள். இல்லையென்றால் ஃபேன் காற்றில் ரொட்டி எழும்பிக் காயிலில் ஒட்டும். 180 டிகிரியில் 4 நிமிடம். எந்த மூலை சிவந்தது, எந்த மூலை வெளுத்திருக்கிறது என்று ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். மீனை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்பது இதிலேயே தெரிந்துவிடும்.

#4 மெய்ப்புக்காரர்

தோவாளைப்பூ, மெஷினை ஓட்டும் முன்பே எழுத்து தொடங்கிவிடுகிறது. ஒரு நோட்டுப் புத்தகத்தில் பக்கத்துக்கு ஒரு சுற்று என்று கோடு போடுங்கள். தேதி, நேரம், வோல்டேஜ், பொருள், கழுவிச் சுத்தம் செய்தபின் எடை, எண்ணெய் எத்தனை கிராம், வைத்த சூடு, எந்த நிமிடத்தில் திறந்தீர்கள், அப்போது கண்ணுக்கு என்ன தெரிந்தது, மூக்குக்கு என்ன வந்தது, முடிந்தபின் எடை. கடைசியில் ஒரு வரி: "இதைத் திரும்பச் செய்தால் எதை மாற்றுவேன்?" கட்டுரையின் பாதி அந்த வரிகளிலிருந்துதான் வரும்.

1 கிராம் துல்லியம் உள்ள டிஜிட்டல் தராசு இல்லாமல் இந்தத் தொழிலில் இறங்க வேண்டாம். டம்ளர், கப், கைப்பிடி எல்லாம் வீட்டுக்கு வீடு மாறும். "ஒரு தேங்காய்" என்பது அளவே இல்லை. ஈத்தாமொழி நெட்டைத் தென்னைக்குப் புவிசார் குறியீடே உண்டு. அந்தக் காயையும் சந்தையில் கிடைக்கும் சின்னக் காயையும் ஒரே எண்ணிக்கையில் எழுதினால் இரண்டு வீட்டில் இரண்டு குழம்பு வரும்.

ஒவ்வொரு பண்டத்துக்கும் மூன்று சுற்று. முதல் சுற்று தெரிந்துகொள்ள, இரண்டாவது திருத்த, மூன்றாவது எழுதி வைத்ததை மட்டும் பார்த்து, நினைவிலிருந்து எதையும் சேர்க்காமல் செய்ய. மூன்றாம் சுற்றை வேறொருவர் கையில் கொடுத்தால் இன்னும் நல்லது. அவர் எந்த இடத்தில் நின்று "இது என்ன?" என்று கேட்கிறாரோ அங்கே வாக்கியம் சரியில்லை.

#5 ஈத்தாமொழி

மக்களே, தேங்காய் வறுப்பை நான் சொல்லித் தாறேன். தீயலுக்கு அதுதான் உயிர்.

திருவின தேங்காயை அப்படியே பாஸ்கெட்டுல கொட்டப்பிடாது. ஃபேன் காத்துக்குத் துருவல் பறந்து மேல ஹீட்டர் காயில்ல ஒட்டிக் கருகும், புகை வரும், பாஸ்கெட் ஓட்டை வழியா கீழேயும் விழும். பாஸ்கெட்டுக்குள்ள இறங்குற மாதிரி ஒரு வட்ட டின் வேணும். 16, 17 சென்டிமீட்டர் அகலம் இருந்தா சரி. சுத்திலும் ஒரு விரல் இடைவெளி விடணும், காத்து போகட்டும்.

150 கிராம் துருவல், ஒரு டீஸ்பூன் தேங்காய் எண்ணெய். ரெண்டையும் கையால நல்லாப் பிசறணும். எண்ணெய் பட்ட துருவல் கனக்கும், லேசுல பறக்காது, சூடும் சமமாப் பிடிக்கும். 160 டிகிரி வைங்க. 180 வேண்டாம். மேல்தட்டு கருகும், அடி பச்சையா நிக்கும். செக்குல ஆட்டின எண்ணெய் 175, 180ஐத் தாண்டினாப் புகையவும் செய்யும்.

முதல் 4 நிமிஷம் நிறம் மாறாது. ஈரம் போற நேரம் அது. திறந்தா ஆவி அடிக்கும், தேங்காய்ப்பால் வாசம் வரும். கரண்டியால கிளறி, ஓரத்துல உள்ளதை நடுவுல தள்ளுங்க. 7, 8ல ஓரம் மட்டும் வெளிர் மஞ்சளாகும். இதுக்கு மேல 2 நிமிஷத்துக்கு ஒருக்கா திறக்கணும். 11, 12ல பொன்னிறம். இங்கதான் எல்லாரும் நிறுத்திப்போடுவாவ. நிறுத்தினா அது வறுத்தரைச்ச குழம்பு, தீயல் இல்லை. கருப்பட்டி நிறம் வரணும். விரல்ல எடுத்து நசுக்கினா மொறுமொறுன்னு உடைஞ்சு, விரல்ல எண்ணெய் மினுங்கணும். 14லருந்து 16 நிமிஷத்துக்குள்ள வரும். அதுக்குக் கொஞ்சம் முந்தியே வெளிய எடுத்து வேற தட்டுல பரத்திடணும். டின்னிலயே விட்டா அந்தச் சூட்டுலயே இன்னும் கறுத்துப் போவும். காந்தல் வாசம் வந்தாச்சுன்னா காப்பாத்த முடியாது. புளி கூட விட்டாலும் கசப்பு நிக்கும்.

மல்லி 1 டேபிள்ஸ்பூன், வத்தல் மிளகாய் 5, நல்லமிளகு அரை டீஸ்பூன். இதெல்லாம் கடைசி 2 நிமிஷம் போதும். முதல்லயே போட்டா மல்லி கருகும். ஆறினப்புறம் தண்ணி விடாம முதல்ல அரைங்க. சரியா வறுத்திருந்தா எண்ணெய் தானே விட்டு விழுதா வரும். பொடியாவே நின்னா வறுப்பு பத்தலைன்னு அர்த்தம்.

ஃப்ரிட்ஜுல வச்ச துருவல்னா 2, 3 நிமிஷம் கூடும். நல்லா முத்தின காய்னா ஈரம் குறைவு, சீக்கிரம் சிவக்கும். காயோட முற்றலையும் எழுதணும்.

#6 மெய்ப்புக்காரர்

மேலே உள்ள பதிவை வைத்தே ஒரு பாடம் எடுக்கலாம். பொதுவாக அச்சில் வரும் வரி: "தேங்காயைப் பொன்னிறமாக வறுத்து, மசாலாவுடன் சேர்த்து அரைக்கவும்."

இந்த வாக்கியத்தை நம்பிச் செய்தால் தீயல் வராது. பொன்னிறம் என்பது பழக்கத்தில் கையில் வந்து விழும் சொல். அதை எழுதியவர் தேங்காயைப் பார்த்து எழுதவில்லை. திருத்தினால் இப்படி:

"150 கிராம் தேங்காய்த் துருவலை 1 டீஸ்பூன் தேங்காய் எண்ணெயில் பிசறி, 17 செ.மீ. வட்ட டின்னில் பரப்பி 160 டிகிரியில் வையுங்கள். 4, 8, 10, 12, 14 ஆம் நிமிடங்களில் கிளறுங்கள். கருப்பட்டி நிறத்துக்கு வரச் சற்று முன்பே வேறு தட்டில் கொட்டிப் பரப்புங்கள். சூட்டில் மீதி நிறம் ஏறும். காந்தல் வாசம் வந்தால் அந்தத் தேங்காயை அரைக்க வேண்டாம்."

இதில் நான்கு வேலை நடக்கிறது. அளவு, பாத்திரம், அடையாளம், தவறினால் என்ன செய்வது. எந்தச் செய்முறைப் படியையும் இந்த நான்கையும் கேட்டு எழுதுங்கள். "சிறிது நேரம்", "தேவையான அளவு", "பதமாக" மூன்றும் வந்த இடத்தையெல்லாம் பென்சிலால் வட்டமிடுங்கள். உப்பையும் கிராமில் எழுதலாம். ருசிக்குக் கூட்டிக் குறைப்பது படிப்பவர் பாடு. ஆனால் தொடங்க ஓர் எண் வேண்டும்.

#7 குளச்சல் கரை

மீனுக்கு இந்த மெஷின் நல்லாவே ஆகும், குறிப்பா கொழுப்புள்ள மீனுக்கு. சாளை, அயிலை இரண்டும் தன் நெய்யிலேயே வேகும். வாளை, நெத்தோலி மாதிரி மெல்லிசான மீன் சீக்கிரம் வறண்டு தோல் மாதிரி ஆகும். அதுக்கு 2 டீஸ்பூன் எண்ணெய் கூடுதலா வேணும்.

சுத்தம் பண்ணின சாளை 500 கிராமுக்கு: மிளகாய்ப்பொடி 2 டீஸ்பூன், மஞ்சப்பொடி அரை டீஸ்பூன், நல்லமிளகுப்பொடி அரை டீஸ்பூன், உப்பு 6 கிராம், சின்ன உள்ளி (சின்ன வெங்காயம்) 6, பூடு 4 பல், எலுமிச்சைச் சாறு 2 டீஸ்பூன், எண்ணெய் 2 டீஸ்பூன். தண்ணி விடாம கெட்டியா அரைக்கணும். மசாலா தளர்ந்தா மீன் வறுபடாது, ஆவியில வெந்து கம்பியில ஒட்டும். எண்ணெய் இல்லாம வெறும் பொடி தடவினா பொடி உலர்ந்து, காத்துல பறந்து, மிச்சம் கருகிக் கசக்கும். மீனைக் கழுவித் துணியால ஒத்தி எடுத்தபிறகுதான் மசாலா. 20 நிமிஷம் ஊறட்டும்.

மெஷினை 3 நிமிஷம் முன்சூடு பண்ணி, பாஸ்கெட்ல எண்ணெய் தடவி, ஒண்ணு மேல ஒண்ணு படாம அடுக்குங்க. 4.5 லிட்டர்ல ஒரு தடவைக்கு 250 கிராம்தான் சரியா வரும். 500ஐயும் ஒண்ணாப் போட்டா அடியில உள்ளது வெளுத்து நிக்கும். 180 டிகிரி, 7 நிமிஷம், திருப்பி இன்னும் 4, 5 நிமிஷம். 7 நிமிஷத்துக்கு முன்னாடி திருப்பாதீங்க. தோல் இறுகாம பாஸ்கெட்லயே உரிஞ்சு வரும்.

சாளை நெய் கீழ டிரேல சொட்டி, அடுத்த சுற்றுல புகையும். ரெண்டு சுற்றுக்கு நடுவுல டிரேயைத் துடைக்கணும். கையேட்டுல அனுமதி இருந்தா டிரேயில 2 டேபிள்ஸ்பூன் தண்ணி விடலாம்.

வாழையிலையில பொதிஞ்ச மீனுக்கு இலையைத் தீயில வாட்டி, பொதிஞ்சு, வாழைநாரால கட்டணும். கட்டாத இலை மேல எழும்பிக் காயில்ல தட்டும். பாஸ்கெட் தரை முழுக்க இலை விரிச்சா காத்து கீழ இறங்காது. மூணுல ரெண்டு பங்கு இடத்தை மட்டும் எடுத்துக்கோங்க. 180ல 9 நிமிஷம், திருப்பி 8 நிமிஷம்.

கழுவுறப்ப கம்பி நார் போடாதீங்க, பூச்சு போயிடும். சுடுதண்ணியில 20 நிமிஷம் ஊறவச்சுப் பஞ்சால தேய்ச்சா போதும். மேல காயில்ல தெறிச்ச நெய்யை ஆறினபிறகு, பிளக்கைப் பிடுங்கிட்டு, ஈரத்துணியால துடைக்கணும். அடுத்த நாள் வர்ற மீன் வாடை அங்கிருந்துதான், பாஸ்கெட்ல இல்லை.

#8 தோவாளைப்பூ

மிக்க நன்றி. சிப்ஸைப் பற்றி யாரும் சொல்லவில்லையே? தலைப்பே அதில்தான் வைக்கலாம் என்று நினைத்திருந்தேன்.

#9 தக்கலை அடுக்களை

தலைப்பில் வைக்க வேண்டாம். நாகர்கோவில் சிப்ஸ் இந்த மெஷினில் வராது. ஏன் வராது என்பதை எழுதினால் அதுதான் உங்கள் கட்டுரையில் நல்ல பகுதியாக இருக்கும்.

கடையில் காயை நேரே கொதிக்கும் தேங்காய் எண்ணெய்க்குள் சீவுகிறார்கள். சீவல் எண்ணெயில் விழுந்ததும் நாலு பக்கமும் ஒரே நேரத்தில் சூடு பிடிக்கும். உள்ளிருக்கும் நீர் ஆவியாகி வேகமாக வெளியேறும். அது விட்டுப்போன நுண்துளைகளில் எண்ணெய் ஏறும். அந்தத் துளையும் எண்ணெயும் சேர்ந்ததுதான் வாயில் உடையும் மொறுமொறுப்பு. பாதி வெந்ததும் மஞ்சள் கலந்த உப்புத்தண்ணீரை எண்ணெயிலேயே ஊற்றுவார்கள், சடசடவென்று பொங்கி அடங்கும்போது உப்பு சீவலில் சமமாகப் பிடிக்கும். காற்று அப்படிச் சூட்டைக் கடத்தாது. மேல்தோல் முதலில் காய்ந்து இறுகி, உள்ளே உள்ள ஈரத்தைப் பூட்டி வைக்கும். கிடைப்பது கடினமான, பல்லில் இழுக்கும் வத்தல்.

ஆனாலும் சோதித்துப் பாருங்கள்: தோல் சீவிய ஏத்தங்காய் 200 கிராம், 1.5 மி.மீ. கனத்தில் சீவல். அரை லிட்டர் தண்ணீரில் 10 கிராம் உப்பு, கால் டீஸ்பூன் மஞ்சள் கலந்து 10 நிமிடம் ஊற வைத்து, துணியில் பரப்பி ஈரம் போகத் துடைத்து, 2 டீஸ்பூன் எண்ணெயில் பிசறுங்கள். 100 கிராமுக்கு மேல் ஒரு சுற்றில் வேண்டாம். 160 டிகிரி, 12 முதல் 15 நிமிடம், 4 நிமிடத்துக்கு ஒரு முறை குலுக்கல். மேலே கம்பித்தட்டு கட்டாயம். வருவதை "வாட்டிய ஏத்தங்காய்" என்று அழையுங்கள். சூடாகச் சாப்பிட நன்றாக இருக்கும். நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஈரக்காற்றில் ஒரு மணி நேரம் திறந்து வைத்து, எவ்வளவு தளர்கிறது என்றும் குறியுங்கள்.

பழம்பொரி, முந்திரிக்கொத்து இரண்டும் மாவில் முக்கிப் போடுவது. மாவு இறுகும் முன் ஓட்டை வழியாக ஒழுகிவிடும். அவற்றைத் தொடவே வேண்டாம். ஏத்தன்பழத்தை நீளவாக்கில் பிளந்து நெய் தடவி 180இல் 8 நிமிடம் வைத்தால் வேறொரு நல்ல பண்டம் கிடைக்கும். மட்டிப்பழம் இதற்குத் தாங்காது, குழைந்துவிடும்.

மரச்சீனியைப் பச்சையாக வைக்கக் கூடாது. அதில் சயனைடு என்ற நஞ்சை உண்டாக்கும் பொருள் இருக்கிறது. நிறையத் தண்ணீரில் வேகவைத்து அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டுவது அதற்காகத்தான். விரல் அளவுத் துண்டுகளை உப்புத்தண்ணீரில் வெந்து கீறல் விழும் வரை வேகவைத்து, வடித்து, ஆவி போனபின் 400 கிராமுக்கு 2 டீஸ்பூன் எண்ணெய், 190 டிகிரி, 15 முதல் 18 நிமிடம். செக்கு எண்ணெய் புகையும், இதற்கு மட்டும் சுத்திகரித்த எண்ணெய்.

#10 திங்கள்சந்தை

படிக்கிறவங்க இந்த மெஷினை வாங்குறதே எண்ணெய் குறைக்கத்தானே. "வராது, ஆகாது" என்று எழுதினால் யார் படிப்பார்கள்? எண்ணெய் இல்லாத ஆரோக்கியமான சிப்ஸ் என்று கொடுத்தால்தான் ஆள் வரும். மூன்று சுற்று என்பதும் அதிகம், செலவு கட்டாது.

#11 மெய்ப்புக்காரர்

எண்ணெய் குறைகிறது என்பது உண்மை, அதைத் தராசால் எழுதலாம்: 200 கிராம் காய்க்கு 2 டீஸ்பூன். "ஆரோக்கியம்" என்று எழுத ஆதாரம் வேண்டும். மாவுச்சத்துள்ள பொருளை 120 டிகிரிக்கு மேல் வறண்ட சூட்டில் சிவக்க வைத்தால் அக்ரிலமைடு என்ற, உடலுக்குக் கெடுதி என்று சந்தேகிக்கப்படும் வேதிப்பொருள் உண்டாகும். எண்ணெய்ச் சட்டியானாலும் ஏர் ஃப்ரையரானாலும் அது உண்டு. கருக்காமல் இளம் நிறத்தில் எடுங்கள் என்பதுதான் எழுதக்கூடிய அறிவுரை.

சிப்ஸ் வரும் என்று நம்பி ஒருவர் 2 கிலோ காய் வாங்கிக் கெடுத்தால் அடுத்த முறை நம் பெயரைப் பார்த்ததும் தாண்டிப் போவார். ஆகாததை ஆகாது என்று சொல்கிறவரின் "ஆகும்" என்ற சொல்லுக்குத்தான் விலை உண்டு.

மூன்று சுற்றின் செலவையும் பார்த்துவிடலாம். சாளை 250 கிராம் வீதம் மூன்று முறை, முக்கால் கிலோ. முன்சூடு சேர்த்து ஒரு சுற்று 15 நிமிடம். 1500 வாட் முழுதாக ஓடினாலும் 0.375 யூனிட், மூன்றுக்கு 1.125 யூனிட். தெர்மோஸ்டாட் நடுநடுவே நிறுத்துவதால் உண்மையில் இன்னும் குறையும். மீன் வீட்டில் சாப்பாடாகிவிடுகிறது. மிச்சம் செலவு உங்கள் நேரம்தான். அதைக் கூலியில் சேர்த்துக் கேளுங்கள்.

#12 கோட்டாறு கணக்கு

கூலி, உரிமை, வரி மூன்றும் என் பங்கு.

ஒரு கட்டுரைக்கு ஒப்புக்கொள்ளும் முன் மின்னஞ்சலில் ஐந்து விஷயம் எழுத்தில் வர வேண்டும்: எத்தனை சொல், எவ்வளவு தொகை, எப்போது கிடைக்கும், எந்த வடிவங்களில் வெளியிடுவார்கள், எழுதி முடித்தபின் வெளியிடவில்லை என்றால் எவ்வளவு. தொலைபேசியில் பேசினால், பேசி முடித்ததும் "நாம் பேசியது இது" என்று நீங்களே ஒரு மின்னஞ்சல் போட்டுவிடுங்கள்.

1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, சம்பள ஊழியராக இல்லாமல் வெளியிலிருந்து எழுதுபவரின் எழுத்துக்கு முதல் உரிமையாளர் எழுதியவர்தான். உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில், உங்கள் கையெழுத்துடன் இருந்தால்தான் செல்லும். எத்தனை வருடம் என்று எழுதாவிட்டால் 5 வருடம் என்று கொள்ளப்படும். எந்த நிலப்பரப்பு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். "அனைத்து உரிமைகளும் நிரந்தரமாக" என்ற வரி வந்தால் தொகையைக் கூட்டிக் கேளுங்கள், அல்லது "முதல் வெளியீட்டு உரிமை மட்டும்" என்று திருத்தக் கேளுங்கள். பிறகு நீங்களே தொகுப்பாகப் போட வேண்டும் என்றால் இது வேண்டும். புத்தகமாகப் போடும்போது அதன் அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன் இந்தியாவில் இலவசம், அதற்கு யாரிடமும் பணம் கட்ட வேண்டாம்.

சமையல் முறைக்கு உரிமை கொண்டாட முடியாது. தீயலுக்கு யாரும் சொந்தக்காரர் இல்லை. அதை விளக்கும் உங்கள் வாக்கியங்களுக்கும் நீங்கள் எடுத்த படத்துக்கும் உரிமை உண்டு. அடுத்தவர் வாக்கியத்துக்கும் படத்துக்கும் அதே கணக்குதான்.

கம்பெனி இலவசமாக மெஷின் கொடுத்தால் கட்டுரையின் தொடக்கத்திலேயே "இது நிறுவனம் தந்த சாதனம்" என்று தமிழில் எழுதிவிடுங்கள். கடைசியில் ஹேஷ்டேக் குவியலுக்குள் ஒளிக்க வேண்டாம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்குத் துணை போகிறவருக்கு முதல் தடவை 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். இலவசமாகப் பெற்ற பொருளும் மறைக்கக் கூடாத தொடர்புதான்.

2022 ஜூலையிலிருந்து, தொழில் சார்ந்து ஒரே நிறுவனம் ஒரு வருடத்தில் தரும் பொருட்களின் மதிப்பு 20,000 ரூபாயைத் தாண்டினால் அதற்கு 10 சதவீதம் வரிப்பிடித்தம் உண்டு. சோதித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்த பொருள் இதில் சேராது. திருப்பிக் கொடுத்ததற்குக் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பான் அட்டை எண் கொடுக்காவிட்டால் பிடித்தம் அதிகமாகும். வருட வருமானம் 20 லட்சத்தைத் தாண்டாத வரை எழுத்து வேலைக்கு ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. மீன், எண்ணெய், தராசு, தெர்மாமீட்டர் எல்லாவற்றுக்கும் ரசீது வைத்திருங்கள். இவை உங்கள் தொழில் செலவு.

#13 திங்கள்சந்தை

இலவச மெஷின் விஷயம் எனக்கும் தெளிவாச்சு. நன்றி. இன்னொண்ணு: மரச்சீனி, ஏத்தங்காய், பூடு, நல்லமிளகு என்றெல்லாம் எழுதினால் சென்னைக்காரர்களுக்குப் புரியுமா?

#14 மெய்ப்புக்காரர்

முதல் தடவை வரும்போது மட்டும் பக்கத்தில் பொதுச் சொல்லைச் சொல்லுங்கள்: "மரச்சீனி என்று நாங்கள் சொல்லும் மரவள்ளிக்கிழங்கு", "ஏத்தங்காய், அதாவது நேந்திரன் வாழைக்காய்". அதற்குப் பிறகு நம் சொல்லே போகட்டும். பொருள் பட்டியலில் மட்டும் இரண்டையும் சாய்கோடிட்டு எழுதலாம், கடைக்குக் கொண்டுபோவது அந்தப் பட்டியலைத்தான். மெஷின் பாகங்களுக்குப் புதுச்சொல் உண்டாக்க வேண்டாம். பாஸ்கெட், டிரே, டைமர் என்றே வீட்டில் சொல்கிறார்கள்.

அனுப்பும் முறையும் சொல்லிவிடுகிறேன். மூன்று மாதிரி தயார் செய்யுங்கள்: ஒரு சாதன மதிப்பீடு 900 சொல், ஒரு செய்முறை 400 சொல், ஒரு பராமரிப்புக் குறிப்பு 300 சொல். யூனிகோட் எழுத்துருவில், படங்களைக் கட்டுரைக்குள் ஒட்டாமல் தனிக் கோப்பாக. இதழுக்கு முழுக் கட்டுரையை அனுப்பும் முன் ஐந்து வரியில் என்ன எழுதப் போகிறீர்கள், அவர்களின் எந்தப் பகுதிக்குப் பொருந்தும் என்று கேளுங்கள். ஒரே கட்டுரையை ஒரே நேரத்தில் இரண்டு இடத்துக்கு அனுப்பாதீர்கள். ஒரு மாதம் பொறுத்து ஒரு நினைவூட்டல், அதன்பின் பதில் இல்லை என்றால் "திரும்பப் பெறுகிறேன்" என்று எழுதிவிட்டு அடுத்த இடம்.

இதழை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். சாதனக் கம்பெனிகளின் தமிழ்க் கையேடுகளையும் செய்முறைப் புத்தகங்களையும் எடுத்துப் பாருங்கள். பல இடத்தில் மொழிபெயர்ப்பு படிக்க முடியாமல் இருக்கும். ஒரு பக்கத்தை நீங்களே திருத்தி, பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்து அனுப்பினால் அதுவே விண்ணப்பம். அந்த வேலை மாதா மாதம் வரக்கூடியது, பெயர் வராது.

#15 தோவாளைப்பூ

எல்லாப் பதிவுகளையும் நோட்டில் ஏற்றிவிட்டேன். தீயல் தேங்காயில் இரண்டு சுற்று முடிந்தது. வரைவு இது, பார்த்துச் சொல்லுங்கள்:

"சுற்று 2. பகல் 11.20, 224 வோல்ட். முற்றிய தேங்காய், அன்றே திருவியது, 150 கிராம். தேங்காய் எண்ணெய் 1 டீஸ்பூன். 160 டிகிரி, 17 செ.மீ. அலுமினிய டின். 4ஆம் நிமிடம் ஆவி, நிறம் மாறவில்லை. 8இல் ஓரம் மஞ்சள். 12இல் பொன்னிறம், நடுவில் இன்னும் வெளுப்பு. 15இல் கருப்பட்டி நிறத்துக்குச் சற்று முன்பு, தட்டில் கொட்டியது. 5 நிமிடத்தில் நிறம் ஏறியது. தண்ணீர் விடாமல் அரைத்தபோது எண்ணெய் விட்டு விழுதானது. மூன்று நான்கு துருவல் ஹீட்டர் காயிலில் ஒட்டியிருந்தது."

#16 ஈத்தாமொழி

நல்லாருக்கு மக்களே. நிறம் சரியாச் சொல்லியிருக்க. ரெண்டு குறை. முடிஞ்சபிறகு எடை எங்க? 150 கிராம் எத்தனையாச்சுன்னு தெரிஞ்சா, நிறம் பிடிபடாதவங்க தராசை வச்சுக் கண்டுபிடிச்சுக்கலாம். டின் எத்தனை உயரம்னும் எழுதல. நானும் மேல அகலம் மட்டும்தான் சொன்னேன், உயரத்தை விட்டுட்டேன். காயில்ல ஒட்டினது உயரம் பத்தாததாலதான் இருக்கும்.

#17 தோவாளைப்பூ

டின் 3 செ.மீ.தான். 5 செ.மீ. உள்ளது ஒன்று எடுத்து வைத்திருக்கிறேன். இறுதி எடையையும் சேர்த்து மூன்றாம் சுற்று நாளை பகல் அதே நேரத்தில். உயரம் கூடினால் காற்று உள்ளே இறங்க நேரமெடுக்கும், 15 நிமிடம் மாறலாம் இல்லையா?

#18 தக்கலை அடுக்களை

மாறும். 10ஆம் நிமிடத்திலிருந்தே 2 நிமிடத்துக்கு ஒரு முறை திறந்து பாருங்கள். இரண்டு டின்னின் நேரத்தையும் கட்டுரையில் போடுங்கள். படிப்பவர் வீட்டில் எந்த டின் இருக்கும் என்று நமக்குத் தெரியாது.